ட்ரோன் ஓட்டிச் சம்பாதிக்க என்னென்ன சான்று வேண்டும்?

இந்தியாவில் "ட்ரோன் லைசென்ஸ்" என்று இப்போது எதுவும் கிடையாது. 2022 பிப்ரவரி வரை விதிப் புத்தகத்தில் "உரிமம்" என்ற சொல் இருந்தது. அந்த மாதம் 11-ஆம் தேதி வெளியான திருத்தம் அதை எடுத்துவிட்டு "சான்றிதழ்" என்று போட்டது. ஊரில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பயிற்சி நிறுவனங்களின் விளம்பரத் தட்டிகளில்கூட இன்றும் லைசென்ஸ்தான். பெயர் எதுவானாலும் பரவாயில்லை. அந்த ஒரு காகிதம் கைக்கு வந்துவிட்டால் மறுநாளே கல்யாண வீட்டுக்கும் நெல் வயலுக்கும் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்று நினைக்கிறார்களே, அதில்தான் சிக்கல் இருக்கிறது.

கும்பகோணம் பக்கம் கல்யாண ஒளிப்படத் தொழில் செய்யும் என் அக்கா மகன் கேட்டதும் இதே கேள்விதான்: "மாமா, ட்ரோன் லைசென்ஸுக்கு எவ்வளவு ஆகும்?" நான் திருப்பிக் கேட்டேன்: "வேன் வாங்கி வாடகைக்கு விடுகிறவன் டிரைவிங் லைசென்ஸ் மட்டும் வைத்திருந்தால் போதுமா?" போதாது என்று அவனுக்கே தெரியும். ஓட்டுகிறவருக்கு உரிமம் வேண்டும்; வண்டிக்கு ஆர்சி புத்தகம் வேண்டும்; அந்த மாடலே சாலையில் ஓடத் தகுதியானது என்று யாராவது சோதித்துச் சொல்லியிருக்க வேண்டும்; அடிபடுகிறவருக்காக இன்சூரன்ஸ் வேண்டும்; ஒருவழிப் பாதையில் நுழையக்கூடாது. ட்ரோனுக்கும் அப்படியே. ஆளுக்கு ஒரு தாள், இயந்திரத்துக்கு இரண்டு, வானத்துக்கு ஒரு வரைபடம், கூடவே ஒரு காப்பீடு. இந்த ஒப்புமை என் சொந்தக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ட்ரோனின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் வழிமுறைகளையே பொருத்திக்கொள்ளலாம் என்று ட்ரோன் விதிகளே சொல்கின்றன.

அந்த விதிகளின் பெயர் ட்ரோன் விதிகள், 2021. அதே ஆண்டு மார்ச் மாதம் வேறொரு விதித் தொகுப்பு வந்தது. படிவங்கள் 25, கட்டண வகைகள் 72 என்று அது மலைபோல் நின்றது. தொழில் செய்கிறவர்கள் கூச்சல் போட்டதும் அரசு அதைக் கைவிட்டு, ஆகஸ்டில் புதிய விதிகளை அறிவித்தது. படிவங்கள் 5 ஆயின. கட்டண வகைகள் 4 ஆயின. அரசாங்கம் தன் படிவங்களைத் தானே ஐந்தில் ஒன்றாகக் குறைப்பது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. நடைமுறைப்படுத்தும் அமைப்பு, விமானங்களைக் கண்காணிக்கிற அதே டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்.

எல்லாம் எடையில் தொடங்குகிறது

எந்தச் சான்று வேண்டும் என்பதை முதலில் தீர்மானிப்பது தராசுதான். ட்ரோன் விதிகள் ஐந்து வகுப்புகளைச் சொல்கின்றன. 250 கிராம் வரை நேனோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 முதல் 25 கிலோ வரை ஸ்மால், 25 முதல் 150 வரை மீடியம், அதற்கும் மேல் லார்ஜ். கல்யாண வீடுகளில் பறப்பவை பெரும்பாலும் நேனோ அல்லது மைக்ரோ. வயலில் மருந்தடிக்கிற பத்து லிட்டர் டேங்க் ட்ரோன்கள் ஸ்மால் வகுப்புக்குள் அடங்கும்படியாகவே வடிவமைக்கப்படுகின்றன. 25 கிலோவைத் தாண்டினால் வகுப்பு மாறிவிடும் என்பது தயாரிப்பாளர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே எடை என்றால் வெறும் கூட்டின் எடை இல்லை. பேட்டரி, கேமரா, இறக்கைக் காப்பு, டேங்க்கில் இருக்கிற மருந்து என்று பறக்கும்போது அதன்மேல் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்த முழு எடை. 249 கிராம் என்று பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் குட்டி ட்ரோன்கள் இந்த எல்லையைக் குறிவைத்தே செய்யப்பட்டவை. உலகில் பல நாடுகள் 250 கிராமில் ஒரு கோடு போட்டிருப்பதால் தயாரிப்பாளர் ஒரு கிராம் குறைத்து நிறுத்துகிறார். ஆனால் அதே ட்ரோனுக்குக் கூடுதல் நேரம் தாங்கும் பெரிய பேட்டரியைத் தனியாக வாங்கிப் போட்டால் எடை 250-ஐத் தாண்டிவிடும். இறக்கைக் காப்பு மாட்டினாலும் அப்படித்தான். அந்த நிமிடமே அது நேனோ இல்லை, மைக்ரோ. நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது, வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஏனென்றால் நேனோவுக்கும் மைக்ரோவுக்கும் நடுவில்தான் சலுகைகளின் எல்லை ஓடுகிறது. நேனோ ட்ரோனை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. அந்த மாடலுக்கு வகைச் சான்றும் தேவையில்லை. மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஓட்டினாலும் பைலட் சான்றிதழ் கேட்பதில்லை. மைக்ரோவில் ஒரே ஒரு விலக்கு: 2 கிலோ வரையிலான ட்ரோனை வணிக நோக்கம் இல்லாமல் ஓட்டினால் பைலட் சான்றிதழ் வேண்டாம். அதே ட்ரோனில் சம்பாதிக்கத் தொடங்கினால் சான்றிதழ் வேண்டும். 2 கிலோவுக்கு மேலே போய்விட்டால், பொழுதுபோக்கோ தொழிலோ, சான்றிதழ் வேண்டும்.

"வணிகம்" என்றால் எதுவரை? கூலி வாங்கிக்கொண்டு படமெடுத்தால் வணிகம் என்பதில் ஐயமில்லை. சொந்த மனைகளை விற்பதற்காக ஒரு ரியல் எஸ்டேட்காரர் தானே ஓட்டினால்? தன் யூடியூப் சேனலுக்காக ஒருவர் மலையைப் படமெடுத்து விளம்பர வருமானம் வாங்கினால்? எவரும் கையில் ரூபாய் நோட்டைத் திணிக்கவில்லை என்று வாதாடலாம். அப்படி வாதாட வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது என்பேன். பறத்தலால் வருமானம் வருமென்றால் வணிகம் என்று கொண்டு சான்றிதழை எடுத்துவிடுங்கள்.

ஆளுக்கான தாள்

முறையான பெயர் ரிமோட் பைலட் சான்றிதழ். தொழிலில் இருப்பவர்கள் ஆர்பிசி என்பார்கள். இதைப் பெற வயது 18-க்குக் குறையாமலும் 65-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் பத்தாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் பயின்று தேர்வில் தேற வேண்டும். இவ்வளவுதான். பொறியியல் பட்டம் வேண்டும், ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றெல்லாம் உலவும் பேச்சுக்கு விதிகளில் இடமில்லை. உடல் தகுதிக்கான மருத்துவச் சான்றைப் பல பயிற்சி நிறுவனங்கள் சேரும்போது கேட்கின்றன. உள்ளூர் மருத்துவரிடம் வாங்கிவிடலாம்.

பாஸ்போர்ட் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் இந்தச் சான்றிதழுக்கு அது கட்டாயமாக இருந்தது. வெளிநாட்டு முகமே பார்க்காத ஒரு விவசாயி, தன் சொந்த வயலுக்கு மருந்தடிப்பதற்காகப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் வந்த திருத்தம் அதை விலக்கியது. வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்ற அடையாள, முகவரிச் சான்றுகள் போதும் என்று ஆனது. ட்ரோனைப் பதிவு செய்வதற்கும் பெயர் மாற்றுவதற்கும் இருந்த பாஸ்போர்ட் நிபந்தனை 2024 ஆகஸ்டில் போயிற்று. இன்னமும் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால், அவர் பழைய விதிகளைப் படித்தவர்.

பயிற்சி நிறுவனங்களை ஆர்பிடிஓ என்று சுருக்கிச் சொல்வார்கள். சென்னையில் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வான்வெளி ஆய்வு மையம் பல ஆண்டுகளாக ட்ரோன் ஆய்வில் முன்னோடியாக இருந்துவருகிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு ஆளில்லா வான்வழி வாகனங்களுக்கென்றே ஒரு கழகத்தையும் தொடங்கியது. தனியார் நிறுவனங்கள் சென்னையிலும் பிற ஊர்களிலும் உண்டு. எங்கே சேர்ந்தாலும் ஸ்மால் வகுப்புப் பயிற்சி பொதுவாக ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த ஒரு வாரத்தில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்? முதலில் வகுப்பறை. விதிமுறைகள், பறத்தலின் அடிப்படை இயற்பியல், வானிலை, விமானக் கட்டுப்பாட்டு அறையோடு பேசும் முறை, பேட்டரி பராமரிப்பு, அவசர நிலையில் செய்ய வேண்டியவை. பிறகு கணினியில் சிமுலேட்டர். கடைசியில் திடலில் நிஜ ட்ரோன். பலரும் விதிமுறைப் பாடத்தில் தூங்கிவிட்டுத் திடலுக்காகக் காத்திருப்பார்கள். தொழிலுக்கு வந்தபின் கை கொடுப்பது அந்தத் தூங்கிய பாடமும் வானிலைப் பாடமும்தான். வீட்டில் பழகிய பையன்கள் ட்ரோனை ஏற்கெனவே நன்றாக ஓட்டுவார்கள். ஆனால் ஜிபிஎஸ் உதவியை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னால், லேசான காற்றுக்கே ட்ரோன் நழுவிக்கொண்டு போகும்போது விரல்கள் தடுமாறும். நகர நெரிசலில் கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சிக்னல் அறுந்துபோவது அபூர்வம் இல்லை என்பதால், அந்தத் தடுமாற்றம் திடலிலேயே நடந்து முடிந்துவிடுவது நல்லது.

தேர்வை நடத்துவதும், தேறியவுடன் சான்றிதழை இணையம் வழி வழங்குவதும் பயிற்சி நிறுவனமே. டிஜிசிஏ அலுவலகத்துக்கு நேரில் போய் நிற்க வேண்டியதில்லை. 2022 திருத்தத்தின் சாரமே அதுதான். அரசுக் கட்டணம் 100 ரூபாய். பயிற்சிக் கட்டணம் வேறு கதை. பல பத்தாயிரங்களில் போகிறது, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. நூறு ரூபாய்ச் சான்றிதழுக்கு இவ்வளவு செலவா என்று அங்கலாய்க்கிறவர்களிடம் நான் சொல்வது, காருக்கு டிரைவிங் ஸ்கூல் வாங்குவதையும் ஆர்டிஓ அலுவலகத்தில் கட்டுவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதுதான்.

சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும். இடையில் டிஜிசிஏ குறிப்பிடும் புத்தாக்கப் பயிற்சிகளை முடிக்க வேண்டும். எந்த வகை, எந்த வகுப்பு ட்ரோனுக்கு என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். நான்கு விசிறி ட்ரோனுக்குப் பயின்றவர், விமானம் போல் நிலையான இறக்கை கொண்ட ட்ரோனை அந்தச் சான்றிதழை வைத்து ஓட்ட முடியாது. நெடுந்தூர நில அளவைக்கு இறக்கை ட்ரோன்களையும் பயன்படுத்துகிறார்கள். அந்த வேலைக்குப் போக எண்ணம் இருந்தால் சேரும்போதே யோசிக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "ட்ரோன் பயிற்சிச் சான்றிதழ்" என்று தங்கமுலாம் பூசிய முத்திரையோடு ஒரு தாள் கொடுக்கும் இடங்கள் நிறைய முளைத்திருக்கின்றன. இரண்டு நாள் பயிலரங்கு, கையில் சான்றிதழ், குழுப் படம். அது பயிலரங்கில் கலந்துகொண்டதற்கான சாட்சியே தவிர ஆர்பிசி அல்ல. உண்மையான ஆர்பிசிக்குத் தனி எண் உண்டு. அரசுத் தளத்தில் அது பதிவாகியிருந்தால்தான் செல்லும். முன்பு டிஜிட்டல் ஸ்கை என்ற தளத்தில் எல்லாம் நடந்தது. பிறகு பல சேவைகள் டிஜிசிஏவின் ஈ-ஜிசிஏ தளத்துக்கு மாறின. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியல் அரசுத் தளத்திலேயே கிடைக்கிறது. பணம் கட்டுவதற்குமுன் அதில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இயந்திரத்துக்கான தாள்கள்

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனித்த அடையாள எண் ஒன்று உண்டு. யுஐஎன் என்பார்கள். வண்டியின் பதிவெண் மாதிரி. ட்ரோனின் தொடர் எண்ணோடும், அதன் பறத்தல் கட்டுப்பாட்டுப் பெட்டியின் எண்ணோடும், தரையில் கையில் பிடிக்கும் ரிமோட்டின் எண்ணோடும் அது பிணைக்கப்படுகிறது. கட்டணம் 100 ரூபாய். ட்ரோனை விற்றால் ஆர்சி புத்தகத்தில் பெயர் மாற்றுவதுபோல் யுஐஎன்-ஐயும் வாங்குகிறவர் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ட்ரோனைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் பெட்டி, பில், கூடுதல் பேட்டரி எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். யுஐஎன் இருக்கிறதா என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

அந்த எண் கிடைப்பதற்கு முன்நிபந்தனையாக வகைச் சான்று வருகிறது. ஒரு மாடல் பாதுகாப்பாகப் பறக்கத் தகுதியானதா என்று சோதித்து, இந்தியத் தர கவுன்சில் போன்ற அமைப்பின் பரிந்துரையின் பேரில் டிஜிசிஏ கொடுக்கும் சான்று அது. இது ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனித்தனியாகக் கொடுப்பதில்லை, மாடலுக்குக் கொடுப்பது. வாங்க வேண்டியவர் தயாரிப்பாளர், நாம் அல்ல. 2021 விதிகளின்கீழ் முதல் வகைச் சான்று 2022 ஜூனில் ஒரு விவசாய ட்ரோனுக்குக் கிடைத்தது. அதன்பின் பல இந்திய மாடல்கள் பெற்றுவிட்டன. கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காகக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஓட்டும் மாதிரி ட்ரோன்களுக்கும் நேனோவுக்கும் மட்டுமே இதில் விலக்கு. கூலிக்கு ஓட்டும் மைக்ரோ ட்ரோனுக்கு விலக்கு இல்லை.

இப்போது கல்யாண வீட்டுக்கு வருவோம். அங்கே பறக்கும் கேமரா ட்ரோன்களில் பெரும்பான்மை சீனத் தயாரிப்பு. முழு ட்ரோன்களையும், பிரித்து அடுக்கிய ட்ரோன் தொகுப்புகளையும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் உரிய அனுமதியோடு கொண்டுவரலாம். உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது, தெரிந்த கடையில் பில் இல்லாமல் கிடைத்தது என்று சந்தையில் இருப்பவை இருக்கின்றன. 250 கிராமுக்கு மேற்பட்ட அந்த ட்ரோனுக்கு இங்கே வகைச் சான்று இல்லையென்றால், ஆர்பிசி வைத்திருக்கும் தேர்ந்த பைலட் ஓட்டினாலும் தொழில் சட்டப்படி ஆகாது. ஓட்டுநர் உரிமம் உண்டு. வண்டிக்கு நம்பர் பிளேட் இல்லை.

இதைச் சொன்னபோது அக்கா மகன் முகம் சுருங்கியது. அவனுடைய ட்ரோன் அப்படி வந்ததுதான். நல்ல படம் எடுக்கும் கருவி. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. "எல்லோரும் ஓட்டுகிறார்களே மாமா" என்றான். ஓட்டுகிறார்கள்தான். பந்தல்மேல் விழாதவரை, யாருடைய நெற்றியும் கிழியாதவரை எவரும் கேட்பதில்லை. விழுந்த அன்று முதல் கேள்வியே அந்த எண் எங்கே என்பதாக இருக்கும். காப்பீட்டு நிறுவனமும் அதையே கேட்கும்.

நேர்மையாகச் சொன்னால், அரசின் கொள்கை விவசாயத்துக்கும் நில அளவைக்கும் ஏற்ற உள்நாட்டு ட்ரோன்களை வளர்த்த வேகத்தில் ஒளிப்படக்காரர்களுக்கான கேமரா ட்ரோன்களை வளர்க்கவில்லை. வகைச் சான்று பெற்றவற்றில் கல்யாணப் படத்துக்குப் பொருந்துகிறவை குறைவு. இருப்பவையும் விலை அதிகம். சட்டத்தை மதிக்க நினைக்கிற சிறு ஸ்டுடியோக்காரர் நேனோவில் ஒதுங்குகிறார், அல்லது சான்று பெற்ற ட்ரோன் வைத்திருக்கும் நிறுவனத்திடம் நாள் வாடகைக்கு எடுக்கிறார். இரண்டாவது வழியில் ஒரு வசதி உண்டு: ட்ரோனின் உரிமையாளரும் ஓட்டுகிறவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. யுஐஎன் உரிமையாளர் பெயரில், ஆர்பிசி ஓட்டுகிறவர் பெயரில். லாரி முதலாளிக்கு ஹெவி லைசென்ஸ் வேண்டியதில்லை என்பதுபோல.

வானத்தின் நிறங்கள்

2021 செப்டம்பரில் இந்தியாவின் வான்வெளி முழுவதையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்து ஒரு வரைபடம் வெளியானது. தொழிலில் இருப்பவர் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது. வேலையை ஒப்புக்கொள்வதற்கும் முன்னால் என்பேன். முன்பணம் வாங்கியபின் சிவப்பு என்று தெரிந்தால் சங்கடம்.

பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம்வரை தனி அனுமதி வாங்காமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் பகுதியில் இந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. அந்த உயரங்களுக்கு மேலே போனால் மஞ்சள். சம்பந்தப்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். விமான நிலையத்தை இன்னும் நெருங்க நெருங்கக் கட்டுப்பாடு இறுகுகிறது. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதுவும் நடக்காது. மார்ச் விதிகளில் மஞ்சள் வளையம் விமான நிலையத்திலிருந்து 45 கிலோமீட்டர்வரை பரவியிருந்தது. அது 12 ஆகச் சுருங்கியதுதான் 2021 ஆகஸ்ட் மாற்றங்களில் கள வேலைக்கு மிகவும் உதவியது.

வரைபடத்தைப் பார்க்காமல் ஊகிக்க முடியாது என்பதற்குக் கோவை நல்ல எடுத்துக்காட்டு. பீளமேட்டில் விமான நிலையம். அதற்குக் கிழக்கே சூலூரில் விமானப்படைத் தளம். இரண்டுக்கும் தனித்தனி வளையங்கள். மண்டபம் எந்தச் சாலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். அத்தோடு வரைபடம் நிலையானதும் அல்ல. மாநில அரசோ காவல்துறையோ ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஒரு முறைக்கு 96 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. பிரதமர் வருகை, பெரிய தேர்த் திருவிழா என்றால் இதை எதிர்பார்க்கலாம். நேற்று பச்சையாக இருந்த ஊர் இன்று சிவப்பாகியிருக்கும்.

நிறம் பச்சை என்பதால் மற்றச் சட்டங்கள் விலகி நிற்பதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் படமெடுக்க அந்தத் துறையின் அனுமதி வேண்டும். காப்புக் காட்டுக்குள் வனத்துறை. அடுத்த வீட்டு மொட்டைமாடியில் துணி உலர்த்துகிறவரின் அந்தரங்கத்துக்கு எந்த நிறமும் விலக்கு அளிக்காது.

காப்பீட்டைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் இணையத்தில் டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். விதிகளை மீறினால் ட்ரோன் விதிகளின்கீழ் அபராதம் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். மற்றச் சட்டங்கள் தனி.

மருந்தடிக்கப் போகிறவருக்கு

கிராமப்புறத்தில் ட்ரோன் பைலட் என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது கேமரா அல்ல, தெளிப்பான். மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டம் 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பது நோக்கம். விலையில் 80 சதவீதம், உச்சவரம்பு 8 லட்சம் ரூபாய் மானியம். அதில் தேர்ந்தெடுக்கப்படும் பெண்ணுக்கு 15 நாள் பயிற்சி. அந்தக் கணக்கைக் கவனியுங்கள்: பைலட் பயிற்சி 5 நாள், மீதி 10 நாள் உரமும் மருந்தும் தெளிப்பதற்கான விவசாயப் பயிற்சி. பறக்கவிடுவதைவிடத் தெளிப்பதற்கு இரண்டு மடங்கு நாள்.

அந்த விகிதம் சரியானதுதான். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு நிறையத் தண்ணீர் கலந்து அடிக்கிற மருந்தை, ட்ரோனில் பத்து லிட்டர் அளவிலேயே முடிக்கிறார்கள். கரைசலின் அடர்த்தி பல மடங்கு கூடுகிறது. காற்று திசை மாறினால் பக்கத்து வயலின் வெற்றிலைக் கொடிக்காலுக்கோ, மீன் குட்டைக்கோ, வரப்பில் நடப்பவர் மூக்குக்கோ போகும். இதற்காகவே மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் தனி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. எல்லா மருந்தையும் ட்ரோனில் ஊற்றிவிடவும் முடியாது. 2022-இல் 477 பூச்சிக்கொல்லிகளை ட்ரோனில் பயன்படுத்த இரண்டு ஆண்டுகளுக்கு இடைக்கால அனுமதி தரப்பட்டது. ஆகவே விவசாயப் பக்கம் போகிறவர், ஸ்மால் வகுப்பு ஆர்பிசியோடு நிற்காமல் தெளிப்புப் பயிற்சியும் சேர்ந்த வகுப்பைத் தேட வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள்

இந்திய ஆர்பிசியை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் கூலிக்குப் பறக்க முடியாது. அங்கே வாங்கியது இங்கே செல்லாது. தொழிலுக்காக ட்ரோன் ஓட்டுவதற்கான அமெரிக்கப் பிரிவு 107 விதிகள் 2016 ஆகஸ்டிலிருந்து நடப்பில் உள்ளன. வயது 16 போதும். 60 வினாக்கள் கொண்ட எழுத்துத் தேர்வு, 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பறந்து காட்டச் சொல்வதே இல்லை! இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இணையத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றில் இந்தியாவைவிடக் கறார்: வணிகம் என்றால் 249 கிராம் ட்ரோனுக்கும் அங்கே சான்றிதழ் வேண்டும், பதிவும் வேண்டும். இங்கிருந்து போனவர்கள் நேனோ நினைப்பில் மாட்டிக்கொள்வது இதில்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பர் 31-இலிருந்து வேறு கோணத்தில் பார்க்கிறது. பணம் வாங்குகிறீர்களா என்ற கேள்வியே அங்கே முக்கியமில்லை. எவ்வளவு எடை, ஆட்களுக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு ஆபத்து என்பதுதான் கணக்கு. தலையில் விழும் ட்ரோனுக்குத் தன்னை ஓட்டியவர் கூலி வாங்கினாரா இல்லையா என்று தெரியாது என்பதால், எனக்கு அந்தத் தர்க்கமே பிடித்திருக்கிறது.

பணம் கட்டுவதற்குமுன்

பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ட்ரோன் வாங்குகிறார்கள், அடுத்து பயிற்சிக்குப் போகிறார்கள், கடைசியில் வேலை தேடுகிறார்கள். முதலில் என்ன வேலை என்று முடிவு செய்யுங்கள். வேலைதான் எடையைச் சொல்லும், எடைதான் வகுப்பைச் சொல்லும். பயிற்சி நிறுவனத்தில் எந்த வகுப்புக்கு, எந்த வகை ட்ரோனுக்கு ஆர்பிசி கிடைக்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்தில் ஆர்பிசி அடக்கமா, மறுதேர்வுக்குத் தனிப் பணமா, திடலில் ஒரு ஆளுக்கு எத்தனை நிமிடம் ரிமோட் கையில் கிடைக்கும் என்றும் கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அங்கே ஒரு ட்ரோனுக்கு இருபது பேர் வரிசையில் நிற்பார்கள் என்று பொருள். ட்ரோன் விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: வகைச் சான்று எண் என்ன?

அக்கா மகன் ஸ்மால் வகுப்பில் சேர்ந்து தேறிவிட்டான். சம்பா பருவத்தில் பக்கத்து ஊர்க் குழுவின் ட்ரோனில் நாள் கூலிக்கு மருந்தடிக்கிறான். முகூர்த்த நாள்களில் 249 கிராம் குட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போகிறான், பெரிய பேட்டரி போடாமல். பழைய ட்ரோன் அலமாரியில் இருக்கிறது. பேட்டரி உப்பிவிடக் கூடாதே என்று மாதம் ஒருமுறை எடுத்துப் பாதி சார்ஜ் ஏற்றி வைக்கிறான்.